மலரின் ஓட்டமும் என் கட்டை விரலும்

நிக்கோபாரில் எங்கள் கட்சால் தீவில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் உண்டு. ஆஸ்பத்திரி, ஆபீஸ், பிள்ளைகளின் காலேஜ். கப்பல் ஜெட்டியில் என்னிடம் விசாரித்தவர்களுக்கு, "கண்ணு காட்டப் போறேன்" என்று சொல்லி வைத்தேன். பொய்தான். போர்ட் பிளேரில் என் மகள் மலர்க்கொடி மாரத்தான் ஓடப் போகிறாள், அதைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் எதற்கு ஓடுகிறாள், யார் துரத்துகிறார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நான் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்தேன். அப்பா அம்மாவோடு கப்பலில் கட்சாலுக்கு வந்து, முப்பத்தொரு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது, தலையைத்தான் ஆட்டுவேன். எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

கப்பலில் எனக்கு எதிர் படுக்கையில் ஒரு நிக்கோபாரி அம்மா. என் வயதுதான் இருக்கும். அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். இனிமேல் பார்க்கப் போவதில்லை என்கிற தைரியம்.

"எவ்வளவு தூரம் ஓடுகிறாள்?" என்று இந்தியில் கேட்டாள்.

"இருபத்தோரு கிலோமீட்டர்."

"ஐயோ பாவம். வண்டி வசதி இல்லையா?"

நானும் சிரித்துவிட்டேன். ஒரு துணியை அவிழ்த்து, வேகவைத்த கிழங்கில் பாதியை எனக்குத் தந்தாள். நான் கொண்டுபோன புளிச்சோற்றில் பாதியை அவள் வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டு, "ரொம்பப் புளிப்பு" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

கமோர்ட்டா தீவைத் தாண்டி, பத்து டிகிரி சேனல் என்கிற இடத்தில் கடல் முரட்டுத்தனம் பண்ணியது. கேன்டீனில் தட்டில் சோறும் பருப்பும் வாங்கி மேஜையில் வைத்தேன். கப்பல் ஒரு பக்கமாகச் சாய, என் தட்டு தானாக நகர்ந்து எதிரே இருந்த போலீஸ்காரர் முன்னால் போய் நின்றது. அவர் தட்டு என்னிடம் வந்தது. அவர் தட்டில் வறுத்த மீன் இருந்தது. இரண்டு பேரும் பேசாமல் தட்டை மாற்றிக்கொண்டோம்.

மறுநாள் போர்ட் பிளேர் ஜெட்டியில் மலர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். முன்பெல்லாம் முகம் உருண்டையாக இருக்கும். இப்போது கன்னத்து எலும்பு தெரிந்தது. டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் அவள் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஏற்றம் உண்டு. நானும் என் மூட்டையில் இருந்த பத்துத் தேங்காயும் கருவாடும் ஏறிய கனத்தில் ஸ்கூட்டர் பாதியில் முனகி நின்றுவிட்டது.

"எறங்கும்மா. மூட்டைய மட்டும் ஏத்திட்டுப் போறேன், நீ நடந்து வா."

"ஓடுறவ நீதானே. நீ எறங்கி ஓடி வா."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் என் கால நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள்.

வீட்டில் அவள் மட்டும்தான். மருமகன் கப்பலில் வேலை, அந்த வாரம் மெயின்லேண்டு போயிருந்தார். பேத்தி சென்னையில் படிக்கிறாள். நான் ஆசையாகக் கொண்டுபோன கருவாட்டை மலர் தொடவில்லை. மூன்று வேளையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாழைப்பழமும் சோறும். எங்கள் பக்கம் கிழங்கும் வாழைப்பழமும் வேறெதுவும் இல்லாத நாளில் தின்பது. இங்கே சம்பளம் வாங்குகிறவள் அதைத் தேடித் தேடித் தின்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஷூவைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "எதுக்குடி இதெல்லாம்?" என்று கேட்டே விட்டேன்.

துடைத்துக்கொண்டே சொன்னாள். போன வருஷமும் ஓடினாளாம். பதினேழாவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொள்ள, கடைசியாக வருகிறவர்களை அள்ளிக்கொண்டு போகிற வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். லிஸ்டில் அவள் பெயர் வரவில்லை. ஆபீசில் ஒரு மாசம் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். காலையில் அவள் உள்ளே நுழைந்தால், "காடி ஆ கயி", வண்டி வந்தாச்சு, என்பார்களாம்.

"இந்த வருசம் மூணு மணி நேரத்துக்குள்ள முடிச்சு லிஸ்ட்ல பேர் வரணும்மா. வரலைன்னா இந்த ஷூவ தூக்கிக் கடல்ல போட்டுடுவேன். அப்புறம் ஓடவே மாட்டேன்."

அவள் சொன்னவிதம் எனக்குப் புரிந்தது. எங்கள் தோட்டத்திலும் செக்ரோல் என்கிற வருகைப் பதிவில் பேர் விழுந்தால்தான் அன்றைக்கு நீ வேலைக்கு வந்தவள். விழாவிட்டால், மழையில் நனைந்து முன்னூறு மரம் வெட்டியிருந்தாலும் நீ வரவில்லை.

சாயங்காலம் என்னிடம் ஒரு வேலை கொடுத்தாள். ஓடும்போது போடுகிற பனியனையும், நம்பர் அச்சடித்த ஒரு தாளையும், நாலு ஊக்கையும் தந்து, "இந்த பிப்ப நெஞ்சுப் பக்கம் கோணாம குத்திக் குடும்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். துணி போன்ற கெட்டித் தாள். மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு பட்டை ஒட்டியிருந்தது. விரல் நீளம் இருக்கும், கொஞ்சம் தடிப்பு. அதன் ஒரு முனை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

பால் வெட்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேற்று வெட்டிய கோட்டில் பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டியிருக்கும். அதற்கு ஒட்டுப்பால் என்று பேர். காலையில் மரத்தடிக்குப் போனதும் கட்டை விரல் நகத்தை அதன் முனையில் கொடுத்து, சர்ரென்று ஒரே இழுப்பில் உரித்துவிட்டுத்தான் கத்தியை வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு முன்னூறு தடவை. முப்பத்தொரு வருஷம். மனசு வேறெங்கோ இருக்கும், கை அதன்பாட்டில் உரித்துக்கொண்டு போகும்.

அன்றைக்கும் கை உரித்துவிட்டது. சர்ரென்று சுத்தமாக வந்தது. புள்ள நெஞ்சில் உறுத்தாமல் இருக்கும் என்றுகூட நினைத்துக்கொண்டேன். பட்டையைச் சுருட்டிக் குப்பை வாளியில் போட்டுவிட்டு, நாலு ஊக்கையும் கோணாமல் குத்தினேன். மலர் வந்து பார்த்து, "சூப்பர்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே ஒரு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. மலரோடு ஓடுகிற கூட்டத்தில் ஒருவர், கண்ட்ராக்டர் முருகேசன். ராமநாதபுரத்துக்காரர். பெரிய குரல், பெரிய வயிறு. இந்த வயிற்றோடு எப்படி ஓடுவார் என்று நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"என்ன ஆத்தா பாக்குறீக? வகுறு முன்னால ஓடும், நான் பின்னால போயிருவேன்" என்றார்.

மலர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஆறரை மணி பஸ்ஸில் ஸ்டேடியத்துக்கு வந்துவிடச் சொன்னாள். ஓட்டத்துக்காக ரோட்டை அடைத்திருந்ததால் பஸ் வேறு பக்கம் திரும்பி, எல்லோரையும் பஜாரில் இறக்கிவிட்டது. ஒரு போலீஸ்காரரிடம், "மேரி லட்கி தௌட் ரஹி ஹை", என் பொண்ணு ஓடுகிறாள், என்று இந்தியில் சொன்னேன். அவர் ரொம்ப மரியாதையாக ஒரு கயிற்றைத் தூக்கி உள்ளே விட்டார். போய் நின்றால் ஒரே பலூன், பீப்பி. பத்து வயதுப் பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். அங்கே நின்ற ஓர் அம்மாவிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அது சின்னப் பிள்ளைகளின் ஓட்டம் என்று. திரும்பி வந்து, "என் மகளுக்கு நாற்பத்து மூன்று" என்றேன். அந்தப் போலீஸ்காரர் சிரித்த சிரிப்பில் தொப்பியே கோணிப்போயிற்று.

சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நிறையப் பேர் வந்து முடித்திருந்தார்கள். முருகேசன் புல்லில் மல்லாந்து கிடந்தார். சிவப்பு நம்பர் ஓடுகிற முடிவு வாசலுக்கு எதிரே நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் எல்லோரும் கத்துகிறார்கள், கைதட்டுகிறார்கள். மலர் வந்தாள். முகம் கறுத்து, வாய் திறந்து, ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு. எனக்குக் கத்த வரவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. எதையுமே பார்த்தமாதிரி தெரியவில்லை. கோட்டைத் தாண்டியதும் கம்பியைப் பிடித்து வாந்தி எடுத்தாள். அப்புறம் என் தோளில் விழுந்து, "முடிச்சிட்டேன்மா. வண்டி வரல. முடிச்சிட்டேன்" என்று அழுதாள். உடம்பு முழுக்க உப்பு. யாரோ வந்து அவள் கழுத்தில் மெடலை மாட்டிவிட்டுப் போனார்கள்.

ஒன்பது மணிக்கு எல்லோரும் தீபா தீதி வீட்டு முற்றத்தில் கூடினார்கள். தீபா தீதி வங்காளி, ஸ்கூல் டீச்சர், இந்தக் கூட்டத்தில் அவளும் ஓடுகிறவள். ஓட்டம் முடிந்த அன்றைக்கு ஒன்றாகச் சாப்பிட்டு, ஒவ்வொருவரும் தான் ஓடியதைச் சொல்ல வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். பெரிய அலுமினியச் சட்டியில் பட்டாணிக் குழம்பு, பூரி, அவித்த முட்டை, இளநீர். இருபது பேர் இருப்பார்கள். ஒருவராவது ஒழுங்காக உட்காரவில்லை. ஒருவர் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்திருக்கிறார், ஒருவர் ஐஸைத் துண்டில் கட்டி முழங்காலில் வைத்திருக்கிறார், ஒரு பேங்க்காரர் படியில் பின்பக்கமாக இறங்குகிறார். பிரசவ வார்டு மாதிரி இருந்தது. ஆனால் எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

சாப்பிடும்போதே போனில் லிஸ்ட் வந்துவிட்டது. அவரவர் பெயரைத் தேடிக் கத்தினார்கள். மலரும் தேடினாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். நம்பரைப் போட்டுப் பார்த்தாள். அவள் கையில் இருந்த பூரியை மெதுவாகத் தட்டில் வைத்ததை நான் பார்த்தேன்.

"தீதி, என் பேர் இல்ல" என்று இந்தியில் சொன்னாள்.

தீபா தீதி வாங்கிப் பார்த்தாள். "பாதி தூரத்தில் திரும்புகிற டர்னிங்கிலும் இல்லை, ஃபினிஷிலும் இல்லை. உன் சிப் எங்கே?" என்று கேட்டு, மலர் பையில் இருந்த பனியனை எடுத்து நம்பர் தாளைத் திருப்பிக் காட்டினாள். "பார், இங்கே பின்னால் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அதைத்தான் மிஷின் படிக்கும். உன்னதில் கோந்து மட்டும்தான் இருக்கிறது."

நான் கட்டை விரலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

"ரோட்ல களண்டு விளுந்திருக்கும்" என்றார் முருகேசன். வாயில் முட்டை இருந்தது. "இல்லாட்டி மலரு டர்னிங் வரைக்கும் போகாம, வளியில கோயில் பக்கமே யூ-டர்ன் போட்டு வந்திருச்சோ என்னமோ!"

எல்லோரும் சிரித்தார்கள். தீபா தீதி மட்டும், "நான் டர்னிங்கில் நின்று வாழைப்பழம் சாப்பிடும்போது இவள் வந்தாள்" என்றாள்.

"நீங்க வாளப்பளத்தப் பாத்தீங்களா, மலரப் பாத்தீங்களா?"

மறுபடி சிரிப்பு. விளையாட்டுக்குத்தான் சொன்னார். மலரும் சிரிப்பதுபோல உதட்டை இழுத்தாள். பிறகு மெடலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இருபது பேர், இந்தி, என் வாய். இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். பேங்க்காரர் தன் கால் விரல் நகம் இரண்டு கறுத்ததைக் காட்டி, மனைவியிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு மலையாளி, பதினாறாவது கிலோமீட்டர் ஏற்றத்தில் ஒரு நாய் தன்னோடு கூடவே ஓடிவந்ததாகவும், ஏற்றம் முடிந்ததும் அது தன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முந்திப் போனதாகவும் சொன்னார். தீபா தீதி கால் பிடித்தபோது பதினேழாம் வாய்ப்பாடு சொன்னாளாம். பதினேழு எட்டு மறந்துபோய், அதை யோசித்தே ஒரு கிலோமீட்டர் கடந்துவிட்டதாம். முருகேசனுக்கு ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்து, கயிற்றால் கட்டி ஓடினாராம். "கடேசி ரெண்டு கிலோமீட்டரு பூரியத்தான் நெனச்சேன் ஆத்தா. சாமியக்கூட நெனக்கல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று ஆச்சரியமாக இருந்தது. எல்லோருக்கும் வலித்திருக்கிறது. எல்லோரும் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், ஒருவருக்கும் அலுக்கவில்லை. நாங்களும் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மரத்துக்கு மரம் ஓடியவர்கள்தான். வேலை முடிந்தால் குளிக்கப் போவோம். எங்கே வலித்தது என்று வட்டமாக உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

மலரின் முறை வந்தது.

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல" என்றாள். "நான் ஓடவே இல்லன்னு மிஷின் சொல்லுது. அடுத்த ஆள் சொல்லுங்க."

முருகேசன் தட்டைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். இளநீர் சேலையில் கொட்டியது.

"மைனே நிகாலா" என்றேன்.

"என்ன எடுத்தீர்கள், மாஷி?" என்றாள் தீபா தீதி.

அதற்குமேல் இந்தி வரவில்லை. தீபா தீதி கையில் இருந்த பனியனை வாங்கி, தாளைத் திருப்பி, கோந்து இருந்த இடத்தில் கட்டை விரல் நகத்தை வைத்து இழுத்துக் காட்டினேன். பிறகு தமிழிலேயே சொன்னேன். ரப்பர் மரம், ஒட்டுப்பால், முன்னூறு மரம், குப்பை வாளி, எல்லாவற்றையும். நான் தரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, முருகேசன் ஒவ்வொன்றாக இந்தியில் சொன்னார். "இவ ஏமாத்தல. இவ ஓடினா. நான்தான் உரிச்சேன்" என்று முடித்தேன்.

பேங்க்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. தீபா தீதி என் கையைப் பிடித்துக் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முருகேசன் எழுந்து வந்து, "மலரு, கோயில் கதைய நான் வாபஸ் வாங்கிக்கிறேம்மா. நாளைக்கி ஓட்டம் நடத்துனவுக ஆபீசுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

மலர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒனக்கு எப்பம்மா தெரியும்?"

"தீதி பட்டைன்னு சொன்னப்பவே."

"அதுக்கப்புறம் எத்தன பேர் கத சொன்னாங்க? அம்புட்டு நேரமும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியா?"

தலையை ஆட்டினேன். அன்றைக்கு முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் கருவாடு வறுத்து வைத்தேன். சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஓட்டம் நடத்தியவர்களின் அறைக்குப் போனோம். முருகேசன் ஜீப்பில் தீபா தீதியை ஏற்றி வந்தார். நாங்கள் ஸ்கூட்டரில் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தாள். நான் முதல்நாளே தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அவள் அதை வாங்கி, நேராகப் பிடித்துப் பார்த்தாள், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "எனக்குத் தமிழ் தெரியாது, வாயால் சொல்லுங்கள்" என்றாள். மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை கொஞ்சம் சுலபமாகத்தான் இருந்தது. அவள் மூக்கைத் துடைப்பதுபோலச் சிரிப்பை மறைத்தாள். டர்னிங்கில் பார்த்ததாகத் தீபா தீதியும், கோட்டைத் தாண்டியதைப் பார்த்ததாக முருகேசனும் கையெழுத்துப் போட்டார்கள்.

"வண்டிக்கு முன்னால் வந்துவிட்டார், அதனால் பெயரைச் சேர்த்துவிடலாம்" என்றாள். "ஆனால் நேரம் போட முடியாது. அது மிஷின் தந்தால்தான். அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும்."

அடித்து, திரையைத் திருப்பிக் காட்டினாள். மலர்க்கொடி. இங்கிலீஷில் இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்.

வெளியே வந்து மலர் ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள், திருகவில்லை.

"பேரு விழுந்துருச்சுல்ல புள்ள" என்றேன்.

"விழுந்துருச்சு." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு வருசம் ஓடிப் பழகினேன்மா. போனும் எடுத்துட்டுப் போகல, வாட்ச்சும் கட்டல. கடைசியில கண்ணே தெரியல எனக்கு. எவ்ளோ நேரத்துல முடிச்சேன்னு எனக்கே தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல."

"ரெண்டு மணி அம்பத்து நாலு நிமிசம்."

திரும்பினாள். "என்னாது?"

"வாசலுக்கு மேல பெருசா செவப்புல நம்பர் ஓடிச்சுல்ல. நீ கோட்டத் தாண்டுறப்ப ரெண்டு, அம்பத்து நாலு. கிட்டப் பாக்கத்தான் எனக்குக் கண்ணு மங்கல், எட்டப் பாக்க நல்லாத் தெரியும்."

"நேத்தே ஏம்மா சொல்லல?"

"நீதான் எங்கிட்ட பேசவே இல்லியே."

"ரெண்டு அம்பத்து நாலு" என்று அவள் தனக்குள்ளே சொன்னாள். இன்னொரு தடவை சொன்னாள். நான் வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகம் பழையபடி உருண்டையானது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் கேட்டாள்.

"செகண்டு? செகண்டு எவ்ளோ இருந்துச்சு?"

"செகண்டு நிக்கவே இல்ல புள்ள" என்றேன். "அதுக்குள்ள நான் உன் காலப் பாக்க ஆரம்பிச்சுட்டேன்."